சேர்த்தாச்சு

ஆஸ்பத்திரியில் சேர்க்கை ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நோயாளியை எப்போது சேர்த்ததாக அர்த்தம் என்று என்னைக் கேளுங்கள். நான் சீட்டு எழுதினால் இல்லை. வார்டு நர்ஸ் அதில் படுக்கை எண் போட்டுக் கையெழுத்து வைத்தால்தான். அதுவரை ஆள் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடக்க வேண்டியதுதான். எந்த டாக்டரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஜன்னலில் தலையை விட்டு உயிரை வாங்கும் கூட்டத்திடம் இந்தப் புராணத்தையெல்லாம் பாட முடியுமா? சீட்டைக் கிழித்ததுமே, "சேர்த்தாச்சு, நகருங்க" என்பேன். நகர்ந்துவிடுவார்கள். வாய் அப்படியே பழகிவிட்டது.

அன்று காலை பத்து மணிக்கு அக்கா அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெஞ்சுவலி. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த நிலையிலும் மனுஷருக்குக் குசும்பு போகவில்லை. "மாப்ள, உன் ராஜ்ஜியத்துக்கே வந்துட்டேன். நல்லா கவனிப்பியா?" என்றார்.

சீட்டு எழுதி, ஸ்ட்ரெச்சரோடு வார்டுக்கு அனுப்பினேன்.

"சேர்த்தாச்சாடா?" என்றாள் அக்கா.

"சேர்த்தாச்சுக்கா. நீ போய் மாத்துத்துணி எடுத்துட்டு வா."

தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் கிளம்பினாள். அக்கா லேசுப்பட்டவள் இல்லை. இன்னும் சேர்க்கவில்லை என்று தெரிந்திருந்தால் வார்டு வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பாள். கத்துகிறவர்களுக்குத்தான் இங்கே படுக்கை கிடைக்கும். எனக்குத் தெரியாதா என்ன? ஜன்னலில் நாற்பது பேர் நின்றார்கள். கூட்டம் குறையட்டும், ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன், பாவி.

பன்னிரண்டு மணிக்கு வார்டு ஆயா ஓடி வந்தாள். "சார், உங்க அத்தான்... வராந்தாவுலயே... பேச்சு மூச்சில்ல சார்."

அக்கா துணிப்பையோடு வந்தபோது ஸ்ட்ரெச்சரில் முகம் வரை போர்த்தியிருந்தது. அவள் கத்தவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை.

படுக்கை எண் இல்லாமல் இறந்தால், 'சேர்க்கப்படவில்லை' என்று சேர்க்கை எழுத்தர் எழுதித் தந்தால்தான் உடலைக் கொடுப்பார்கள். எழுத்தர் நான்தான். எழுதி ஜன்னல் வழியாக நீட்டினேன். அக்கா இரண்டு தடவை படித்தாள்.

"நீதானேடா சேர்த்தாச்சுன்னு சொன்ன?"

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "சார், எங்கம்மாவ சேர்த்தாச்சா?" என்றார்.

"இல்லைங்க," என்றேன். "வார்டு வாசல்ல போய் நின்னு கத்துங்க. படுக்கை குடுக்கற வரைக்கும் கத்துங்க."

அதைக் கேட்ட பிறகுதான் அக்கா அழ ஆரம்பித்தாள்.