பயணமாதாவின் எடை

சான் லினோ விமானத் திடலில் சின்ன விமானங்கள் அரை டஜன் நின்றன. உருப்படியான தீயணைப்பான் ஒன்றுதான் இருந்தது. அது நெல்வி கித்தேராஸுடையது.

மற்றவர்களிடம் இல்லாமல் இல்லை. இரும்புக்கடையில் லாரிக்காரர்களுக்கு விற்கும் குண்டான சிவப்பு சிலிண்டர் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். உள்ளே பொடி. அடுப்படித் தீக்கும் லாரித் தீக்கும் அது போதும். பறக்கும்போது விமானத்துக்குள் அமுக்கினால் தீயோடு சேர்ந்து கண்ணாடியும் மறையும், கருவிகளும் மறையும். ஓட்டுகிறவன் மாவுமில்லுக்குள் உட்கார்ந்து இறக்க வேண்டியதுதான். தப்பித் தவறி இறங்கிவிட்டாலும் அந்தப் பொடி இடுக்கெல்லாம் புகுந்து அலுமினியத்தை அரிக்கும். கரியமில வாயு சிலிண்டரோ கனம். தீயின் மூச்சை நிறுத்துகிற கையோடு ஓட்டுகிறவர் மூச்சையும் நிறுத்திவிடும். இதையெல்லாம் விசாரித்துவிட்டு நெல்வி ஒரு கறவை மாட்டை விற்று, சாந்தா குரூஸ் நகரில் இருக்கும் தங்கை மூலம், அடித்தால் சுவடே இல்லாமல் ஆவியாகிப் போகும் வாயு நிரப்பிய ஒல்லியான வெள்ளை சிலிண்டர் ஒன்றை வரவழைத்தாள். பெல்ட்டை அவிழ்க்காமலே கை எட்டும்படி முன்னிருக்கைகளுக்கு நடுவே தாங்கி அடித்து மாட்டினாள். திடலே சிரித்தது. நெல்வி தன் விமானத்துக்குச் செண்டு பாட்டில் வாங்கியிருக்கிறாள் என்றார்கள்.

பிறகு இந்த வகைதான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் இரவல் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

வருடாந்திர ஆய்வுக்குத் தலைநகரிலிருந்து அதிகாரி வருவார். ஒரு கொட்டகையில் விமானத்தைப் பார்த்து முடித்ததும் அவருக்குச் சூடாகக் காப்பியும் பாலாடைக்கட்டி ரொட்டியும் வரும். அவர் வாயைத் துடைப்பதற்குள் நெல்வியின் சிலிண்டர் பின்பக்கமாக மோட்டார் சைக்கிளில் அடுத்த கொட்டகைக்குப் போய், அங்கே பிறந்து வளர்ந்ததுபோல் மாட்டிக்கொண்டு நிற்கும். டிசம்பரில் லொரேத்தோ மாதாவின் சிறிய சிலையை வீடுவீடாக எடுத்துப் போவார்கள்; விமானிகளுக்கு அவள்தான் காவல். அந்தப் பழக்கத்தை வைத்து சிலிண்டருக்கும் பயணமாதா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதிரியாருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி எர்லாந்து ரிபேரா, விமானிகள் சங்கத் தலைவர். அறுபதை நெருங்குகிறவர். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பண்ணைகளிலிருந்து மாட்டிறைச்சி ஏற்றி வருவது தொழில். தோளில் நாலு தங்கப் பட்டை. அது பெரிய ஜெட் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்வது. ஆனால் பின்னால் தொங்கும் தொடைக்கறி ஆட்சேபித்ததில்லை. ஊரார் அவரை 'கொமாந்தாந்தே' என்று, அதாவது தளகர்த்தரே என்று, அழைத்தாக வேண்டும். கசாப்புக் கடைக்காரன்கூட அப்படி அழைத்தால்தான் எலும்பு குறைவாக இறங்கும்.

ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். அவருக்கு விஷயம் தெரியும். ஒவ்வொரு லொரேத்தோ திருநாளிலும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார், தப்பில்லாமல் பேசுவார். சிலிண்டரில் அழுத்தம் காட்டும் ஊசி பச்சையில் நிற்கிறது என்று நம்பாதீர்கள், ஊசி சிக்கிக்கொள்ளும். எடுத்துத் தராசில் போடுங்கள். ஒருமுறை, அரை நொடி, அமுக்கினாலும் வால்வு மறுபடி சரியாக உட்காராது. சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருக்கும். அமுக்கின சிலிண்டரை நிரப்பக் கொடுக்காமல் திரும்ப மாட்டுகிறவன் விமானி இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில் மேசையைத் தட்டுவார்.

இந்த வருடம் ஆய்வு திருநாளுக்குச் சில நாள் முன்னால் வந்தது. வரிசையில் கடைசி ரிபேராவுடைய விமானம். அதிகாரி கையெழுத்துப் போட்டுப் போனதும், தேர்தலில் நிற்கிற ஒருவர் மனைவியோடு வந்து, வெள்ளக்காட்டை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றார். ரிபேரா வெள்ளைச் சீருடைக்கு மாறினார். பயணமாதாவை மறுநாள் காலை தருவதாக நெல்விக்குச் சொல்லி அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதர் ஏறும்போது இரும்புக்கடைச் சிவப்பு சிலிண்டர் எதிரே இருந்தால் நன்றாகவா இருக்கும்.

புறப்படுமுன் அவர் நிகழ்த்திய பாதுகாப்புச் சொற்பொழிவை வேட்பாளர் கேட்கவில்லை, கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் கேட்டாள். வெள்ளை சிலிண்டரைக் காட்டி, "இது நிஜமாவே வேலை செய்யுமா?" என்றாள்.

செய்யும் என்று சொல்லியிருக்கலாம். ரிபேரா கொண்டியை உருவி, சிலிண்டரின் வாயைக் கதவுக்கு வெளியே நீட்டி, ஒரு சின்ன அமுக்கு அமுக்கினார். 'ப்ஸ்' என்றது. அந்த அம்மாள் கைதட்டினாள். கைதட்டல் ஓய்வதற்குள்ளேயே அவர் கதவையும் இருக்கையையும் தரையையும் உற்றுப் பார்த்தார். பொடியில்லை, கறையில்லை, ஒரு சுவடும் இல்லை. மாட்டை விற்றது எதற்காகவோ அதே குணம் இப்போது அவரை மறைத்துக் கொடுத்தது. கொண்டியைச் சொருகினார். ஊசி பச்சையிலேயே இருந்தது.

மறுநாள் துணியால் துடைத்துக் கொண்டுபோய் நெல்வியின் தாங்கியில் அவரே மாட்டினார். அவள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "பத்திரமா வந்துச்சா?" என்றாள்.

"பத்திரமா" என்றார்.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாக்கு வைத்துக்கொண்டு நெல்வியின் கொட்டகைப் பக்கம் போவதும், கண்ணாடி வழியாக எட்டி ஊசியைப் பார்ப்பதுமாக இருந்தார். ஊசி நகரவில்லை. நகராத ஊசியைப் பற்றி இந்த மாகாணத்தில் அவரைவிட அதிகமாகப் பேசியவர் யாருமில்லை. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார். அமுக்கியது எதற்கு என்ற கேள்வி வருமே என்று மூடிக்கொள்வார். விமானத் தீயை அணைக்க அமுக்கினேன் என்றால் மரியாதை. தவறி விழுந்துவிட்டது என்றால்கூடப் போகட்டும். ஒரு பெண்பிள்ளை கைதட்டுவதற்காக அமுக்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் சுற்றி வளைத்து, சங்கத்தின் சார்பில் எல்லாருடைய சிலிண்டரையும் எடை போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனையை எடுத்துவிட்டார். அருமையான யோசனை, உன் சிவப்புப் பூசணிக்காயிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டு நெல்வி போய்விட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவள். அவர் வாத்தியாரின் நாற்காலியில் ஏறிப் பேசி, நாற்காலியோடு விழுந்ததைப் பார்த்தவள்.

திருநாள் வந்தது. விமானங்களைக் கழுவிப் பூமாலை சாத்தி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். மாமரத்தடியில் மேளமும் புல்லாங்குழலும் வாசித்து ஓய்ந்தபின் தட்டுகளில் சோறு பரிமாற, ரிபேரா ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை தீயணைப்பான் பகுதியை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் வருடாவருடம் பேசிய பேச்சு, தடம் பழகிய மாடுபோல் தானாகவே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஊசியை நம்பாதீர்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கொட்டகை ரேடியோவில் குரல் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, சாலையெல்லாம் தண்ணீர். அங்கே ஓடுபாதை குட்டை; நெல்வியின் இலேசான விமானம்தான் இறங்கும். அவள் தட்டை வைத்துவிட்டு, மாலையைப் பிய்த்தெறிந்து ஏறினாள்.

ரிபேரா பார்த்தார். பார்த்துக்கொண்டே இன்னொரு வாக்கியம் பேசினார். அந்த இன்னொரு வாக்கியத்தைப் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை. எஞ்சின் உறுமியதும் ஒலிபெருக்கியை விட்டுவிட்டு ஓடினார். சேற்றில் ஒரு காலணி நின்றுவிட்டது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி போலிருக்கிறது என்று தட்டும் கையுமாகக் கூட்டம் பின்னாலேயே வந்தது.

அவர் இறக்கைக்கு முன்னால் நின்று கையை ஆட்ட, நெல்வி எஞ்சினை நிறுத்திச் சன்னலைத் திறந்தாள். "என்ன கொமாந்தாந்தே, பேச்சுல பாக்கி இருக்கா?"

ஒரு சிறிய தொழில்நுட்ப விஷயம் என்று ஆரம்பித்தார். அவள் சாவியில் கை வைத்தாள்.

"அமுக்கிட்டேன்" என்றார் ரிபேரா. "பயணமாதாவ. அன்னிக்கு. ஒரே ஒரு தடவ."

"எங்க தீ?"

"தீ இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"காட்டறதுக்கு."

"யாருக்கு?"

அவர் தன் காலணியில்லாத காலைப் பார்த்தார். "வேட்பாளரோட சம்சாரத்துக்கு."

நெல்வி சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். பக்கத்துக் கொட்டகையில் ஈரலும் குடலும் நிறுக்கிற சின்னத் தராசு தொங்கியது. கொக்கியில் மாட்டினாள். நிறைந்திருந்தால் இருக்க வேண்டிய எடை சிலிண்டரின் வயிற்றிலேயே அச்சடித்திருந்தது. முள் அதற்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டது. வெறும் தகரத்தின் எடையும் அதன்மேல் ஒரு கவளம் ஈரலின் எடையுமாகத்தான் தேறியது. சிலிண்டரின் ஊசி மட்டும் அப்போதும் பச்சையில் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று ரிபேராவுக்கு இருந்தது.

தன் சிவப்பு சிலிண்டரை எடுத்துக்கொள் என்றார். உன் பேச்சை நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன், பொடிக்குள் உட்கார்ந்துகொண்டு எதைப் பார்த்து இறக்குவது என்றாள் நெல்வி. வேறு நாளாக இருந்தால் வெறும் தாங்கியோடு புறப்பட மாட்டாள். இன்றைக்கு அங்கே ஒருத்தி காத்திருக்கிறாள். தண்ணீர்ப் பீப்பாயில் ஒரு சேணக் கம்பளியை முக்கி எடுத்தாள்.

"நீ ஏறு" என்றாள்.

"நானா?"

"தீப் பிடிச்சா இதப் போட்டு மூடு. பத்தலன்னா வாயால ஊது. காத்துக்கு உங்கிட்ட என்ன பஞ்சம்?"

ஏறினார். கம்பளி மடியில் சொதசொதவென்று விழுந்தது. குதிரை வியர்வையும் சேறும் கலந்த தண்ணீர் வெள்ளைக் கால்சட்டையில் பரவி, தொடை வழியாக வழிந்து, ஒற்றைக் காலணிக்குள் தேங்கியது. காலியான தாங்கி அவர் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. கருகல் வாடை வந்தால் முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்பதற்காக, ஒரு கையை அந்தச் சுவிட்சின் மேலேயே வைத்திருக்கும்படி உத்தரவு. வைத்திருந்தார். கீழே வெள்ளத்தில் மேடு கண்ட இடமெல்லாம் மாடுகள் நெருக்கியடித்து நின்றன. மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். மனதில் வந்ததெல்லாம் மேடைப் பேச்சாகவே வந்தது.

ஆற்றைத் தாண்டும்போது நெல்விதான் பேசினாள், முன்னால் பார்த்தபடியே. "அமுக்கினதக்கூட விடு எர்லாந்து. பத்திரமான்னு நான் கேட்டேன். நீ பத்திரமான்னு சொன்ன."



பண்ணையில் அந்தப் பெண்ணைப் புருஷனும் ஆட்களும் ஊஞ்சல் படுக்கையோடு தூக்கி வந்து பின்னால் ஏற்றினார்கள். சின்னப் பெண். மேலே கிளம்பி, ஒரு வலி வந்து போனபின், அவள் கண்ணைத் திறந்து எதிரே தங்கப் பட்டைத் தோளைப் பார்த்தாள்; அதற்குக் கீழே இடுப்புவரை நனைந்து ஒழுகுவதையும் பார்த்தாள்.

"இவரு யாரு? பைலட்டா?"

"பைலட்டு நான்மா" என்றாள் நெல்வி. "அது நம்ம ஃபயர் சிலிண்டர்."

வலியில் இருந்தவளுக்கு அது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"வேலை செய்யுமா?" என்றாள்.

நெல்வி திரும்பி அவரைப் பார்த்தாள். புறப்பட்டதிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். அவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ரிபேரா மடியிலிருந்த கம்பளியை இறுக்கிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது.

"தெரியலம்மா" என்றார்.

சான் லினோவில் சக்கரம் தரையைத் தொட்டு, கூட்டம் ஓடி வந்து, அந்தப் பெண்ணை இறக்கி வண்டியில் ஏற்றும்வரை அவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.