வீரம்மா ஸ்டாப்

ஆர்கனில் ‘ஸ்டாப்’ என்றால் நிறுத்துவது அல்ல. விசைப்பலகைக்கு மேலே வரிசையாக இருக்கும் சின்னப் பட்டைகளுக்குத்தான் அந்தப் பெயர். ஒன்றை அழுத்தினால் புல்லாங்குழல் வரும், இன்னொன்றில் எக்காளம். எட்டடி என்று எழுதியதை அழுத்தினால் சுரம் அப்படியே கேட்கும். நாலடி ஒரு ஸ்தாயி மேலே, பதினாறடி ஒரு ஸ்தாயி கீழே. எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் வாசிப்பவரின் மூளை இருக்கிறது. இதைப் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கார்த்திகேசுவிடம் நான் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார்.

1983இல் மலேசியாவில், ஈப்போவில் நான் படித்த மிஷன் பள்ளி மண்டபத்துக்குப் புது எலக்ட்ரானிக் ஆர்கன் வந்தது. பரிசளிப்பு விழாவில் பள்ளிப் பாட்டுக்கு வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். பகலெல்லாம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, மூன்று வாரம் சாயங்காலம் அங்கேயே கிடந்தேன். முதல் சரணத்துக்குப் புல்லாங்குழல் எட்டடி மட்டும். பிள்ளைகள் குரல் அமுங்கக் கூடாது. இரண்டாவதில் நாலடி சேர்ந்தால் பளிச்சென்று ஆகும். கடைசிக்குக் கால்மிதியில் பதினாறடி, மேலே எக்காளம். எக்காளத்தை முன்பே போட்டால் பாட்டு கெட்டது. எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டு, மேலே ‘வெள்ளிக்கிழமை விழா: வீரம்மா ஸ்டாப்’ என்று குறித்தேன். அன்று வரை பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று, விழா ஏற்பாட்டைக் கவனித்த கார்த்திகேசுவிடம் கொடுக்கப் போனேன். அவர் இல்லாததால் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மனுஷன் உறையைப் பிரிக்கவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் ஒருத்தர் பேருக்குப் பக்கத்தில் ‘ஸ்டாப்’ என்று எழுதினால் அவருக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். பள்ளிக்கு வருமுன் இருபது வருஷம் தோட்டக் கிராணியாக இருந்து அப்படி எழுதித் தள்ளியவர் அவர். பிரின்சிபல் என்னை நிறுத்திவிட்டார் என்று முடிவு கட்டி, இசைக்கருவிக் கடையிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார்.

விழா அன்று பட்டுப்புடவையோடு போய் நின்றேன். கடைக்காரர் எல்லா ஸ்டாப்பையும் ஒன்றாகப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஐம்பது பிள்ளைகளின் வாய் அசைந்தது, ஒரு சொல் கேட்கவில்லை.

நேராகப் பள்ளி ஆபீசுக்குப் போனேன். உறை மேசையிலேயே கிடந்தது. கார்த்திகேசு கண் முன்னால் பிரித்து, வரி வரியாகப் படித்துக் காட்டி, தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

“ஸ்டாப்னா ஸ்டாப்தானேலா. ஏன்னு யாரு கேப்பா?” என்றார்.

அதற்குள் அப்பா உள்ளே வந்தார். சுங்கை சிப்புட் தோட்டத்தில் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, நான் வாசிப்பதைக் கேட்க பஸ் பிடித்து வந்தவர். வீரம்மாவுக்கு ஸ்டாப் என்று மண்டபத்தில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கார்த்திகேசு முன்னால் போய்க் கை கூப்பினார்.

“கிராணி ஐயா, புள்ள என்ன தப்பு செஞ்சிருந்தாலும் மன்னிச்சு, மறுபடி சேத்துக்குங்க.”

தப்பு யாருடையது என்று கார்த்திகேசுவுக்குத் தெரியும். தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. “சரி சரி, அடுத்த வருஷம் பாக்கலாம்லா,” என்றார்.

அப்பாவின் கைகளைப் பிடித்துப் பிரித்தேன்.

“நான் ஒரு தப்பும் செய்யலப்பா. கை கூப்ப வேண்டியது அவருதான்.”

அப்பா பயந்துபோய் என் வாயைப் பொத்தினார். அந்தக் கையையும் விலக்கிவிட்டு, மண்டபம் வரைக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.