தலையில்லாத ஆடு

அண்ணன் தன் பெயர் அட்டையில் 'தலைவர்' என்று அச்சடித்துக்கொண்ட நாளில் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். அவன், அவனுடைய கல்லூரி நண்பன், படம் வரைய வந்த தங்கை. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடும்போது மட்டும் மேலே விவாதம் நிற்கும்.

செய்யப்போகும் விளையாட்டு என்னவோ எளிமையானதுதான். லிஃப்ட் பழுதான பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஓர் ஆடு படியேற வேண்டும். வாளி, சைக்கிள், குறுக்கே படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் தாண்டி மொட்டை மாடிக்குப் போனால் அங்கே புல். தங்கை முதல் மாதத்திலேயே ஆட்டை வரைந்து முடித்துவிட்டாள். அசைக்க வசதியாகத் தலை தனி, உடல் தனி, கால்கள் தனி.

எதை வைத்துச் செய்வது என்பதில்தான் வண்டி நின்றுபோனது. அண்ணனிடம் இருந்தது மேக். நண்பன் லினக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பாடிப் பாடி, அதன் சின்னமான பெங்குயினே அவன் பெயராகிவிட்டது. தங்கையின் பழைய விண்டோஸ் மடிக்கணினியை இருவரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"அண்ணா, மூணுலயும் ஓடுற கேம் செய்ய எவ்வளவோ டூல் இலவசமாவே கிடைக்குது. ஏதாவது ஒண்ண எடுத்து ஆரம்பிக்கலாமே" என்றாள் தங்கை.

"அவசரப்பட்டு எடுத்துட்டு அப்புறம் அழக்கூடாதும்மா. முதல்ல ஒப்பிட்டுப் பாக்கணும்."

ஒப்பிட்டார்கள். பதினாறு கருவிகளுக்கு நாற்பத்திரண்டு பத்திகளில் அட்டவணை தயாரானது. வேகம், உரிமம், எந்த மொழியில் நிரல் எழுத வேண்டும், பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருக்குமா. ஒன்றின் லோகோ அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றை உருவாக்கியவர்கள் நிரல் வரியின் தொடக்கத்தில் இடம் விட டேப் விசையைத் தட்டுகிறவர்கள் என்று தெரிந்ததும், ஸ்பேஸ் விசைக் கட்சிக்காரனான பெங்குயின் அதற்கு மேல் பேச மறுத்துவிட்டான். ஏதோ ஒன்றுக்கு இருவரும் தலையாட்டினால், மறுநாளே அதன் புதிய பதிப்பு வந்துவிடும். அட்டவணையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அண்ணி வேலை முடிந்து வரும்போது எட்டிப் பார்ப்பாள்.

"ஏங்க, ஆடு எத்தனாவது மாடியில இருக்கு?"

"இன்னும் படிக்கட்டே முடிவாகல" என்பான் அண்ணன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஒன்பதாவது மாதம் அண்ணன் முகத்தில் ஓர் ஒளி தெரிந்தது. இருவரையும் உட்கார வைத்துச் சொன்னான். "எதுவுமே நமக்குச் சரிப்படல. எல்லா சிஸ்டத்துலயும் ஓடுற மாதிரி கேம் செய்யற டூலையே, ஒரு இன்ஜினையே, நாமளே எழுதிடலாம்."

பெங்குயின் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினான். தங்கை அன்றைக்கே மதிய உணவு நேரத்தில், அட்டவணையின் கடைசி வரிசையில் கிடந்த ஓர் இலவசக் கருவியைத் தன் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டாள். தெரியாததை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஐந்தே வாரத்தில் ஆடு பன்னிரண்டு மாடியும் ஏறிவிட்டது. அதே காலத்தில் அந்தப் பக்கம் புது இன்ஜினில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம் மட்டும் பிறந்திருந்தது. அண்ணன் கணினியில் நேராகச் சுற்றியது, பெங்குயின் கணினியில் தலைகீழாக.

விளையாட்டுக் கண்காட்சியில் முன்பே இடம் எடுத்திருந்தார்கள். அங்கே அமைப்பாளர்கள் தரும் கணினியில்தான் ஓட்டிக்காட்ட வேண்டும். அது லினக்ஸ் என்று தெரிந்ததும் பெங்குயின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். முக்கோணத்தைத் திறந்தான். திரை கறுப்பாக இருந்தது. ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று ஒற்றை வரி மட்டும் வந்தது.

"என் மெஷின்ல ஓடுதே" என்றான். அரை மணி நேரம் கழித்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

தங்கை பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாள். மூன்று சிஸ்டத்துக்கும் தனித்தனியாகத் தயார் செய்து வைத்திருந்தாள். ஆடு வந்தது. படியேறியது. ஆனால் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

அவள் நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். பிறகுதான் பிடிபட்டது. தலைப் படத்தின் கோப்புக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் வைத்துவிட்டு, நிரலில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. இந்த லினக்ஸ் கணினி இரண்டையும் வேறு வேறு பெயர் என்று எடுத்துக்கொண்டது.

அதற்குள் வாசல் காவலர் வந்து உட்கார்ந்து விளையாடத் தொடங்கிவிட்டார். நான்காவது மாடியில் நிமிர்ந்து கேட்டார். "தலையே இல்லாம இது எப்படிம்மா இவ்வளவு கரெக்டா ஏறுது?"

"எங்க ஆபீஸ்ல அப்படித்தாங்க ஏறணும்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஸ்டால்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு மணிக்கெல்லாம் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். பிழையைத் திருத்த அவள் கை வைத்தபோது வரிசையே சண்டைக்கு வந்தது. தலையில்லாத ஆடுதான் வேண்டுமாம். அடுத்த மாதம் அதே பெயரில் வெளியிட்டாள். ஊரைக் கலக்கவில்லை என்றாலும் நிறையப் பேர் விளையாடினார்கள்.

நிருபர் ஒருவர் வந்தபோது பேசியது தலைவர். "தலைய எடுத்தது நாங்க ரொம்ப யோசிச்சு எடுத்த முடிவு."

பிறகு கல்லூரிகள் அவனைக் கூப்பிட்டன. விளையாட்டு செய்ய எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் தலைப்பு. ஒருமுறை அண்ணியும் தங்கையும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, ஆட்டை எந்தக் கருவியில் செய்தீர்கள் என்று கேட்டாள்.

அண்ணன் அன்போடு புன்னகைத்தான். அவனுக்கு அதன் பெயர் தெரியாது. "கருவி முக்கியமே இல்லம்மா" என்றான். அரங்கம் கைதட்டியது.

"நீ எதுவும் சொல்லலையா?" என்று அண்ணி காதோரம் கேட்டாள்.

"சொல்லணும் அண்ணி. ஒரு வேலை இருக்கு."

கூட்டம் கலைந்ததும் தங்கை மேடையருகே போனாள். "அண்ணா, மேக்ல ஆடு ஏழாவது மாடியில மாட்டிக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. உன் மெஷினக் கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தர்றேன்."

அவன் பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தான். அந்த மேக்கில் ஒரு விளையாட்டு ஓடியது அன்றைக்குத்தான்.