கலந்து பேசிச் சொல்கிறோம்

பீரோவுக்கும் துணி தேய்க்கும் மேசைக்கும் நடுவே ஒரு நாற்காலி போடத்தான் இடம். அங்கே உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டியிருக்கும் ஒரு துறைமுகத்தை ஆறு வருடமாக அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கப்பல் முதலில் உள்ளே வரலாம், எது வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும், எந்த கிரேன் எப்போது காலி, எல்லாம் இரண்டு திரைகளில் அவள் போடும் வரிசைதான். வீட்டில் இதற்குப் பெயர், 'உள்ள கம்ப்யூட்டர்ல ஏதோ பாக்குறா.'

போன மாதம் பனிமூட்டத்தில் பதினோரு கப்பல்கள் தேங்கி நின்றபோது, அத்தனையையும் ஒரே நாளில் சேதமில்லாமல் உள்ளே விட்டாள். அங்கிருந்த மேலாளர் அம்மாள் அசந்துபோனாள். மூன்று நாடுகளில் நாற்பது பேர் வேலை பார்க்கும் பிரிவுக்கே அவளைத் தலைவியாக்க முடிவானது. இதுவரை அந்த ஊர்க்காரர்களைத் தவிர யாருக்கும் கொடுக்காத பதவி. "நாளைக்கு நாலு மணிக்குக் கூப்பிடறேன். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அஞ்சு மணிக்கு அறிவிச்சிடுவோம்" என்றாள் மேலாளர். கணவனிடம் அன்றே சொல்லியாயிற்று. அவனுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"அம்மாடி, சார் வந்திருக்காரு, காபி!"

சார் என்பவர் மாமனாரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார். "முந்தி மாதிரி இல்ல பாருங்க. இனிமே வெளிநாட்டுக்காரன் நம்மளக் கேக்காம ஒரு துரும்பக்கூட அசைக்க முடியாது" என்று ஆரம்பித்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த மாமனாருக்கும் சரி, அவள் கணவனுக்கும் சரி, அடுப்பு பற்றவைக்கத் தெரியாது.

பால் பொங்கி வரும் நேரம் பார்த்து, அறையில் விட்டுவந்த போன் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் ஓடி வருவதற்குள் கணவன் எடுத்துப் பேசி, வைத்தும் விட்டான்.

"உன் மேடம்தான். சீக்கிரமே கூப்பிட்டுட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ரொம்ப சந்தோஷம், வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்னேன்."

"ஏன்? என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கேட்ட உடனே விழுந்தடிச்சுக்கிட்டு சரின்னா நமக்கு என்ன மரியாதை? ரெண்டு நாள் விட்டுச் சொன்னாத்தான் கெத்து."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எரிச்சல், இருந்தால் சண்டையாவது போடலாம். இந்த வீட்டில் எதற்குமே நேராகச் சரி சொல்லிப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டால், வயிறு கூவிக்கொண்டிருக்கும்போதே 'பாக்கலாம்' என்பார்கள்.

திரும்பக் கூப்பிட்டாள். வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. இருபது நிமிடம் அதே கதை. நடுவில் காபியும் போட்டுக் கொடுத்தாயிற்று. கூடத்தில் சார் நாட்டை உலகத்துக்கே நாட்டாமை ஆக்கி முடித்திருந்தார். கடைசியில் மேலாளர் எடுத்தாள். ஆங்கிலத்தில், அன்பு சொட்டச் சொட்டப் பேசினாள்.

"நீங்க சங்கடப்படாதீங்க. இந்தியச் சமூகத்தைப் புரிஞ்சுக்க எங்களுக்கு ரெண்டு நாள் வகுப்பு எடுத்தாங்க. அங்க குடும்பம்தான் முடிவெடுக்கும், கலந்து பேசறோம்னா மரியாதையா மறுக்கறாங்கன்னு அர்த்தம், அதுக்கு மேல வற்புறுத்தக் கூடாதுன்னாங்க. அதனால உடனே அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் ஒத்துக்கிட்டார்."

"மேடம், அது மறுப்பே இல்ல. எனக்குச் சம்மதம். நேத்தே சம்மதம்."

"எங்களுக்காக வீட்டைப் பகைச்சுக்காதீங்க. எனக்குப் புரியுது."

புரிந்ததாம்! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு பெரிய தேசத்தை இரண்டே நாளில் கரைத்துக் குடித்தவர்களுக்கு, ஆறு வருடம் தினமும் பேசிய ஒருத்தியிடம் நேரடியாக ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வகுப்பில் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை. போனை எடுத்தது அவள் புருஷன்தானே?

கூடத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். மாமனார் காபியைக் கீழே வைத்தார். கணவன் முகம் கறுத்துப்போனது, ஆனால் ஒரு நிமிடம்தான். எழுந்து வந்து கையை நீட்டினான்.

"சரி விடு, போனைக் குடு. நானே பேசி விளக்கிடறேன். நான் சொன்னா கேப்பாங்க."

"கேட்டாங்களே!" என்றாள். "ஆறு வருஷமா நான் சொன்னதைக் கேட்டுக் கப்பல் விட்டவங்க, இன்னைக்கு நீங்க சொன்னதைத்தான் கேட்டாங்க."

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது.