சிவலையின் இடது காது

பலகையில் எழுதியிருந்த பெயர் வாயில்லாச் சீவன்கள் உதவிச் சங்கம். நிந்தவூர்ச் சனங்களின் வாயில் அது மாட்டுச் சங்கம். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு மனிசருக்கு மாவும் போர்வையும் கொடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். அடிபட்டுக் கிடந்த மாட்டை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் மீராசாஹிபு ஹாஜியார் சங்கத்தைத் தொடங்கினார். மாட்டுக்கு மருந்தும் பிண்ணாக்கும், அதை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்குக் கொஞ்சம் அரிசியும். ஹாஜியார் நல்ல மனுசன்தான். மாலையைக் கண்டால் கழுத்து தானாக நீளும், அது ஒன்றுதான் குறை.

சங்கத்துக்காக வெள்ளிக்கிழமை தோறும் வீடு வீடாகப் பிடியரிசி எடுப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் பாதி வீட்டில் ஆளிருக்காது, அடுப்பு மட்டும் புகையும். சுல்பிகா ஒருத்திதான் வாசலில் காத்து நின்று பிடி நிறையப் போடுவாள்.

போடாமல் என்ன செய்வாள்? புருசன் மீராமுகைதீன் பிள்ளை குட்டி இல்லாமல் மவுத்தாகிப்போக, மிஞ்சியது ஒற்றை மாட்டுக் கரத்தை வண்டியும் சிவலை என்கிற செம்மாடும்தான். இரண்டும் வாடகைக்குப் போய் வந்தால்தான் அவளுக்கு உலை. சூறாவளியில் சுவர் விழுந்து சிவலையின் முன்னங்கால் முறிந்தது. காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் புண்ணியமூர்த்தி, மாட்டாஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்ந்த மனுசன், சங்கத்துக்காக மூங்கில் வைத்துக் கட்டி, மாதக்கணக்கில் பாடுபட்டு அதை நடக்க வைத்தார். புருசனோடு கதைத்ததை விட மாட்டோடுதான் அவள் கூடக் கதைத்தாள் என்று ஒழுங்கைப் பெண்கள் சிரிப்பார்கள். பொய்யும் இல்லை.

நொண்டும் வரைக்கும் சிவலைக்கு ஆபத்து இல்லை. கால் நேரானது, கண்ணும் பட்டது.

எண்பதாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் புருசனின் தமையன் முகம்மது தம்பி வந்து சிவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிள்ளையில்லாமல் மவுத்தானவனின் சொத்தில் பெண்சாதிக்கு நாலில் ஒன்று, மிச்சம் மூன்றும் கூடப்பிறந்தவனுக்கு. மார்க்கம் சொன்ன பங்கு. அதை அவர் தொழுகையை விடக் கவனமாக ஞாபகம் வைத்திருந்தார். ஏழு பேர் சேர்ந்து பெருநாளுக்கு மாடு அறுத்துக் குர்பான் கொடுக்கப் போகிறோம், சிவலைதான் மாடு என்று சொல்லிவிட்டு, அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார்.

சுல்பிகா அழுதுகொண்டிருக்கவில்லை. மௌலவியின் பெண்சாதி வீட்டுக்கு இடியப்பத் தட்டோடு போய், யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாள். என்ன குறை இருந்தால் மாடு குர்பானுக்குக் கூடாது? கண் போனால் கூடாது, நொண்டினால் கூடாது. காதில் ஓட்டை இருந்தால் கூடும். காதிலிருந்து ஒரு துண்டு போயிருந்தால் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் வெளித்துவிட்டதாம்.

சங்கம் குணமாக்கிய மாட்டுக்கெல்லாம் அடையாளமாக இடது காதில் ஒரு ஓட்டை போடுவது வழக்கம். சிவலைக்கு இன்னும் போடவில்லை. புண்ணியமூர்த்தி அதற்காக வந்த அன்று, ஓட்டை வேண்டாம், துண்டாக வெட்டுங்கள் என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. "என்னத்துக்குப் புள்ள? அதுக்கு நோகுமே."

"நோகட்டும் ஐயா. உசிர் இரிக்கும்."

கொம்பைப் பிடித்துக்கொண்டது அவள்தான். நுனியில் பெருவிரல் நகமளவு துண்டு போனது. சிவலை அவளை இழுத்துக்கொண்டு முற்றத்தில் பாதி தூரம் போய் நின்று, திரும்பி அவளையே பார்த்தது. காதுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய கையோடு அவள் சிரித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பெருநாளுக்கு முந்திய வாரம் மௌலவி வந்தார், காதைப் பார்த்தார், கூடாது என்றார். முகம்மது தம்பி வேறு மாடு தேட வேண்டியதாயிற்று. சத்தம் போடுவார் என்று ஒழுங்கை காத்திருந்தது. அவர் போடவில்லை. மச்சானுக்கு நல்ல பொறுமை என்று சுல்பிகாவே சொன்னாள்.

பெருநாள் கழிந்து ஒரு மாதம் போனது. முகம்மது தம்பி வந்து, தெற்கே கோமாரி ஊரில் தேங்காய் இழுக்க மாடு கேட்கிறார்கள், இரண்டு கிழமையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்றார். முக்கால் மாடு அவருடையது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. பயமும் இல்லை. காதில் துண்டு போன மாட்டை இனி யார் அறுப்பார்கள்? பெருநாளுக்குத்தான் அது கூடாது, சோற்றுக்குக் கூடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒழுங்கைக்கு அது தெரியும். சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சாப்பாட்டுக்கு மாடு தேடுகிறார்கள் என்பதும் தெரியும். சொல்லவில்லை. சிவலைக்குத் தவிடு வைத்துத் தடவிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

விழா அன்று காலையில் முகம்மது தம்பியின் பெண்சாதி றாஹிலா, தூக்க மாட்டாமல் பன்புல்லில் இழைத்த இரண்டு பைகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"இது என்ன மச்சி, இவ்வளவு இறைச்சி?"

"உங்கட பங்கு. நாலில் ஒண்டு. அவர் அளந்துதான் அனுப்பின. அல்லாஹ்வுக்குப் பயந்த மனுசன், மத்தவங்கட ஹக்க எடுக்கமாட்டார்."

சுல்பிகா பையை விரித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இடது காது இருந்தது. அதையும் அவர் அளந்துதான் வைத்திருக்க வேண்டும்.

அவள் சத்தம் போடுவாள் என்று வேலிகளெல்லாம் காது கொடுத்து நின்றன. அவள் முந்தானையில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் புறப்பட்டாள்.

பகல் பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. பெண்கள் பகுதிக்குத் திரை கட்டியிருந்தது. கூடியிருந்து தின்னும் பெரிய தட்டுகளில், சஹன் சஹனாகச் சோறு வந்தது. இறைச்சி பூப்போல வெந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒழுங்கைப் பெண்கள் வாய் நிறையத் தின்றுகொண்டே சுல்பிகாவின் கையைப் பார்த்தார்கள். கை சோற்றுக்குப் போகவில்லை. ஹாஜியார் மாலையோடு எழும்பி, முறிந்த காலோடு கிடந்த மாட்டைச் சங்கம் எப்படி எழுப்பி நடக்க வைத்தது என்று கொழும்பு ஆட்களுக்குச் சொல்லி, மாட்டுக்காரியே இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று ஒலிவாங்கியைத் திரைக்கு உள்ளே அனுப்பினார். அந்த மனுசனுக்கு உண்மையாகவே தெரியாது. இறைச்சி வாங்கியவர் காதைக் கேட்டா வாங்குவார்?

"ஓம்," என்றாள் சுல்பிகா. "எண்ட மாட்டச் சங்கம்தான் குணமாக்கின. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுங்க."

கைதட்டினார்கள். கொழும்பு ஆட்கள்தான் கூடத் தட்டினார்கள்.

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் புண்ணியமூர்த்தி தனியாக இருந்தார். மாட்டிறைச்சி தின்னாத மனுசன்; வாழைப்பழமும் சோடாவும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் எழும்பினார்.

"எப்படிப் புள்ள சிவலை? அந்தக் காது ஆறிட்டுதா?"

சுல்பிகா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முப்பது வருசப் பழக்கம், விரல் தன்பாட்டில் வெட்டின விளிம்பைத் தடவிப் பார்த்தது. சீழ் இல்லை, தழும்பு கூடத் தடிக்கவில்லை.

"ஓம்," என்றார். "நல்லா ஆறியிரிக்கி."

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணாடியைக் கழற்றி, மண்டபத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த வெறும் சஹன்களைத் திரும்பிப் பார்த்தார்.