கைவிடப்பட்ட காரில் ஒரு பறவைக்கூடு

1

“தலையைக் குனிஞ்சுக்கோங்க சார், முடி தெரியுது” என்றார் பல் டாக்டர். காருக்குள் இருந்த என் கணவர் குனிந்துகொண்டார். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘அந்தி வெயிலில் துருவேறி நின்ற அந்தப் பழைய கார், காலத்தின் மௌன சாட்சியாக’

இல்லை. அது எதற்கும் சாட்சி இல்லை. வீட்டின் பின்புறம், துணிக்கொடிக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. டயரில் காற்று கிடையாது. இன்ஜினுக்குள் எலிக் குடும்பம். துருப்பிடித்த கார்கள் என்றால் உயிரை விடும் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு வருவார்கள். அவர்களுக்குத் தலைவர் பல் டாக்டர். வாரம் முழுக்கச் சொத்தையைச் சுரண்டி எடுக்கிறவருக்கு, லீவு நாளில் சொத்தையைப் பார்த்தால் கண் கலங்கிவிடும்.

“என்ன ஒரு துரு! துடைச்சுகிடைச்சுடாதீங்கம்மா” என்பார். கொடியில் காயும் துணியை மட்டும் எடுத்துவிடச் சொல்வார். போர்வையும் தலையணை உறையும் சோகத்தைக் கெடுக்கின்றனவாம்.

(அவரை ரொம்பக் கிண்டல் செய்கிறேன் என்கிறாள் மகள். என் கடைவாய்ப் பல்லைக் கட்டியவர் அவர்தான். நன்றாகவே கட்டினார். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ஒன்றை அவர்கள் கவனிக்கவே இல்லை. அந்தக் காரை யாரும் கைவிடவில்லை. தினமும் சாயங்காலம் என் கணவர் அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் டீ கொண்டுபோவேன். என் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறக்காது, கைப்பிடி வெறும் அலங்காரம். அவர் இந்தப் பக்கமாகச் சாய்ந்து, கையை நீட்டி, உள்ளிருந்து திறந்துவிடுவார்.

“எங்க போகணும் மேடம்?”

“எங்கயும் வேணாம். டீ ஆறுது.”

“இந்தக் கைப்பிடியைச் சரி பண்ணத்தான் கூடாதா?” என்பேன்.

“பண்ணிட்டா நீயே திறந்துக்குவ. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?”

4

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்குப் போட்டிக்காக ஒரு படம் தேவைப்பட்டது.

“சார், கொஞ்சம் இறங்கிக்கறீங்களா? கைவிடப்பட்ட வண்டிங்கதான் தலைப்பு.”

“முட்டி வலிக்குதுய்யா. உட்கார்ந்தா எந்திரிக்கறது பெரும்பாடு. வேணும்னா இல்லாத மாதிரி இருக்கேன்.”

சீட்டில் சரிந்து மறைந்துகொண்டார். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது: “என்னப்பா, கைவிட்டாச்சா?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்.”

எல்லோரும் போன பிறகு, முதுகு பிடித்துக்கொண்டது என்றார். அது முதுகு இல்லை. சாயங்காலம் டீயோடு போய் என் பக்கத்துக் கதவருகே நின்றேன். கதவு

(இந்த வாக்கியத்தைப் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். முடிய மாட்டேன் என்கிறது. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள்.)

5

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. தலைப்பு: ‘கைவிடப்பட்டது.’ ஜன்னல் விளிம்புக்கு மேல் கொஞ்சம் நரைமுடி தெரிகிறது. நடுவர்கள் அதைப் பறவைக்கூடு என்று நினைத்து உருகியிருந்தார்கள்: ‘மனிதன் விட்டுச்சென்ற இடத்தில் உயிர் மீண்டும் குடியேறுகிறது.’

முடி வெட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு மாதமாக நான் கத்திக்கொண்டிருந்தேன். அவரை எடுத்த கடைசிப் படம் அதுதான்.

6

போன வாரம் டாக்டர் வந்தார். புது கிளினிக் கட்டுகிறார். காரை அதன் வாசலில் வைக்கக் கேட்டார்.

“கண்ணாடிக் கூண்டுக்குள்ள வைக்கப்போறேம்மா. துரு மேல ஒரு பூச்சு பூசிட்டா அப்படியே நின்னுடும், இனி ஒரு பொட்டு உதிராது. பக்கத்துலயே பரிசு வாங்கின படம்.”

“குடுத்துரும்மா” என்றாள் மகள். “நீ டீயைக் கையில வெச்சுக்கிட்டு அது பக்கத்துல போய் நிக்கறதை என்னால பார்க்க முடியல.”

நூலகத்தில் அட்டவணை எழுதிக் காலம் தள்ளியவள் நான். தலைப்பு தப்பாக இருந்தால், அலமாரியில் இருக்கும் புத்தகமும் இல்லாததுதான்.

“தர்றேன். படத்தோட தலைப்பை மட்டும் மாத்துங்க. உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்னு போடுங்க.”

டாக்டர் நெளிந்தார். “உள்ள ஆள் இருந்தா பரிசு செல்லாதும்மா. கூடுன்னே இருந்துட்டுப் போகட்டுமே. அழகாத்தானே இருக்கு?”

சொல்லிவிட்டு, காரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வீட்டின் பின்புறம் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். என் கால் பழக்கத்தில் என் பக்கத்துக் கதவருகே போய் நின்றது. அவர் உள்ளிருந்து கையை ஆட்டினார்.

“கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, வெளிச்சம் மறைக்குது.”

7

முடிவு, முதல் வரைவு: கார் கண்ணாடிக் கூண்டுக்குப் போகிறது. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, என் கணவரின் முடியில் எந்தப் பறவை முட்டையிட்டது என்று யோசிக்கிறார்கள்.

இரண்டாவது: டாக்டர் உண்மையைச் சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுக்கிறார். (எழுதும்போதே சிரித்துவிட்டேன். அடித்தாயிற்று.)

மூன்றாவது: நான் முடியாது என்கிறேன். துரு தன் வேலையைப் பார்க்கிறது. மகள் என்னோடு பேசுவதில்லை. ஒருநாள் துடைப்பத்தால் காரைக் கூட்டி அள்ளுகிறேன்.

நாளைக்குப் பதில் சொல்வதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். எதைச் சொல்லலாம் என்று நீங்களே பாருங்கள். எனக்கு இந்தக் கதையில் நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: என் பக்கத்துக் கதவு இன்னும் உள்ளிருந்துதான் திறக்கும்.