இரண்டு வீட்டுக்காரரின் முதல் வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆண்டியப்பன் என்னும் பெயரைவிட 'ரெண்டு வீட்டுக்காரர்' என்னும் பட்டமே பெரிதும் வழங்கிற்று. இப்பட்டத்தைக் கேட்ட வெளியூரார் சிலர் அவருடைய மனைவி ஜெயாவை இரக்கத்தோடு நோக்குவதுண்டு. அவ்விரக்கத்துக்குச் சிறிதும் இடமில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டிலிருந்த ராமையா குடும்பம் ஈப்போவுக்குப் பெயர்ந்தபின், அவ்வீட்டையும் தமக்கே தருமாறு ஆண்டியப்பன் தோட்ட மேலாளரான துரையிடம் வேண்டினார். துரையும் வாய்மொழியாக இசைந்தார். அன்று மாலையே இடைச்சுவரில் ஒரு வாசல் பிறந்தது. அதுமுதல் ஆண்டியப்பன் ஒரு வீட்டில் உண்டு மறுவீட்டில் உறங்கினார். விருந்தினர் வந்தால், அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள் என்று மூன்றடித் தொலைவைக் கையால் சுட்டுவார்.

மகள் தனுஜாவைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்த குணாளனிடமும் தமக்கு இரண்டு வீடு என்றே அவர் கூறினார். சில தோட்டங்கள் வீடுகளைத் தொழிலாளர்க்கே எழுதிக் கொடுத்ததுண்டு. இங்கும் அவ்வாறே போலும் என்று குணாளன் எண்ணிக்கொண்டார். அவ்வெண்ணத்தைத் திருத்த ஆண்டியப்பன் முனையவில்லை. கோலா தெர்லாவிலிருந்து லாரிகளில் காய்கறி அனுப்பும் குணாளன் மீசையைத் தடவினார். திருமணமும் இனிதே நடந்தேறியது.

எனினும் தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெறும் நாளில் சாவியைத் தோட்ட எழுத்தரான கிராணியிடம் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். ஆகவே ஆண்டியப்பன் கம்போங் ராஜாவில் ஒரு சிறிய வீட்டை விலை பேசி முடித்தார். சேமநிதிப் பணம் முன்பணத்துக்கே சரியாக இருந்தது. முதல் வீடு வாங்குவோர்க்கு அரசாங்கம் முத்திரை வரியிலிருந்து விலக்கு அளிப்பதால்தான் அவர் துணிந்தார். அவ்வரியையும் கட்ட நேரின் வீடு கைக்கு எட்டாது.

ஆண்டியப்பனும் ஜெயாவும் தானா ராத்தாவிலுள்ள வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் செல்லும் நாளன்று குணாளன் தமது காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பஸ்ஸிலேயே போய்க்கொள்வோம் என்று ஆண்டியப்பன் எவ்வளவோ மறுத்தும் பயனில்லை. சம்பந்தி வீடு வாங்கும்போது தாம் வீட்டில் கிடப்பது முறையன்று என்று கூறிய குணாளன், அலுவலகத்துக்குள்ளும் உடன் நுழைந்தார்.

அங்கே அலுவல் பார்த்த அமாலினா, கடைத்தெருவில் உணவகம் நடத்தும் கமருஸ்ஸமானின் மகள். முதல் வீட்டுச் சலுகை வேண்டுமெனில், இதற்குமுன் எந்த வீடும் தம் பெயரில் இருந்ததில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என அவள் பொறுமையாக விளக்கினாள். பின்னர் வினவினாள்:

"அங்கிள், வேற வீடு ஏதும் இருக்கா?"

ஆண்டியப்பன் வாய் திறக்குமுன் சம்பந்தியின் பெருமிதம் முந்திக்கொண்டது.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? எங்க சம்பந்திக்கு ஏற்கெனவே ரெண்டு வீடு இருக்கு லா."

அமாலினாவின் பேனா நின்றது. அப்படியாயின் இது மூன்றாம் வீடு, சலுகை கிடையாது, வரி முழுவதையும் கட்ட வேண்டும், மூன்றாம் வீட்டுக்கு வங்கியும் கடனைக் குறைத்தே கொடுக்கும் என்று அவள் வருத்தத்தோடு அடுக்கினாள். குணாளனோ அதற்கும் மகிழ்ந்தார். வசதியுள்ளவர்கள் வரி கட்டத்தானே வேண்டும் என்றார். சிங்கப்பூரில் இரண்டாம் வீட்டுக்கே கூடுதல் வரி தீட்டுகிறார்களாம், அதை நோக்க நம் நாடு எவ்வளவோ மேல் என்று ஆறுதலும் கூறினார்.

ஆண்டியப்பனின் நெற்றியில், அந்த மலைக்குளிரிலும், வியர்வை அரும்பியது. ஒருபுறம் கம்போங் ராஜா வீடு; மறுபுறம் சம்பந்தியின் மதிப்பு. இரண்டையும் ஒருங்கே காக்கும் சொல்லைத் தேடுபவர்போல் அவர் தொண்டையைச் செருமினார். அவ்வீடுகள் மிகவும் பழையவை என்றார். அளவில் சிறியவை என்றார். உண்மையை ஆராய்ந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே வீடு என்றும் சொல்லலாம் என்றார். அப்படியானால் இது இரண்டாம் வீடு என்று அமாலினா திருத்த முற்பட்டாள்.

அருகில் அமர்ந்திருந்த ஜெயா கணவரின் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணைக் குறைச்சிட்டீங்க. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதையும் சொல்லிடுங்க."

அமாலினா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டா யார் பெயரில் உள்ளது என்று கேட்டாள். தோட்டத்தின் பெயரில் என்று ஆண்டியப்பன் மேசையைப் பார்த்து விடையளித்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சம்பந்தியை நேராக நோக்கினார்.

"சம்பந்தி, அது லயத்து வீடு. ரெண்டு கதவு இருக்கு, ரெண்டு நம்பர் இருக்கு. ஆனா நம்ம பேருல ஒரு ஆணிகூட கிடையாது. வேலை முடிஞ்சா ரெண்டையும் விட்டுட்டு இறங்கணும்."

"அப்ப உங்களுக்கு வீடே இல்ல அங்கிள்," என்று அமாலினா வாழ்த்துக் கூறுவதுபோல் கூறினாள். "இதுதான் முதல் வீடு. சலுகை கிடைக்கும்."

 குணாளனின் மீசை சற்றே அசைந்தது. அடுத்த அறையில் சத்தியப் பிரமாண ஆணையர் காத்திருப்பதாக அமாலினா தெரிவிக்கவே, ஆண்டியப்பன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். இனிச் சம்பந்தியின் காரில் திரும்புவதா, பஸ்ஸில் திரும்புவதா என்று தெளிவில்லாதவராய் வாசலை நோக்கி ஓரடி வைத்தார். அப்பொழுது பின்னால் குணாளன் மேசைமீது குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"ஏம்மா, இந்தச் சலுகை இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்குமா?"

யாருக்கு என்று அமாலினா கேட்டாள். குணாளன் முதலில் தெரிந்தவருக்கு என்றார். அவள் எழுதாமல் காத்திருந்தாள்.

"நாங்க இருக்கிற கோலா தெர்லா வீடு எங்க அண்ணன் பேருல இருக்கு," என்றார் குணாளன், கூரையைப் பார்த்தவாறே. "ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து, எப்படா காலி பண்றேன்னு கேட்டுட்டுப் போறாரு."

ஜெயா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, தாம் அமர்ந்திருந்த நாற்காலியைக் கையால் ஒருமுறை துடைத்து, சம்பந்தியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்க சம்பந்தி. நிதானமா விசாரிங்க. நான் போய் சத்தியம் பண்ணிட்டு வந்துடுறேன்."